சோமாஸ் சக்கரமும் சர்க்கரைப் போர்வையும்

பிறந்தநாள் கேக்குகளையும் திருமணக் கேக்குகளையும் மடிப்போ வெடிப்போ இல்லாமல் மூடியிருக்கும் வழவழப்பான சர்க்கரைப் படலத்துக்கு ஃபாண்டன்ட் என்று பெயர். பொடித்துச் சலித்த சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, கிளிசரின், ஜெலட்டின், சிறிதளவு கொழுப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சப்பாத்தி மாவின் பதத்துக்குப் பிசைந்து, 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, கேக்கின் மேல் போர்த்தி ஓரங்களை நறுக்கிவிடுவது இதன் செய்முறை. அசைவப் பொருளான ஜெலட்டினைத் தவிர்க்க விரும்புவோர் அதற்கு மாற்றாகக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகர் அகரைச் சேர்க்கின்றனர். கிரீம் பூசிய கேக்கின் மேற்பரப்பில் நுட்பமான வடிவம் எதுவும் நெடுநேரம் நிற்பதில்லை. ஃபாண்டன்டோ தன்மேல் அழுத்தப்பட்ட எதையும், தவறிப் பட்ட நகக்கீறல் உட்பட, அப்படியே பிடித்துவைத்துக்கொண்டு உலர்ந்து இறுகிவிடுகிறது. மரத்தின் ரேகை, கருங்கல்லின் சொரசொரப்பு, துணியின் நெசவு, தோல்பையின் தையல் என்று கேக்கின் மேல் காணப்படும் மேற்பரப்பு வேலைப்பாடுகள் எல்லாம் இந்த ஒரு குணத்தை நம்பியே செய்யப்படுகின்றன. கேக் செய்வோர் இவற்றை டெக்ஸ்சர் என்று அழைக்கின்றனர்.

இந்தப் பதிவுகளுக்கென்றே செய்யப்பட்ட கருவிகள் சந்தையில் ஏராளம். புடைப்பு வேலைப்பாடு கொண்ட பிளாஸ்டிக் தகடுகள், வரிகள் செதுக்கிய உருளைகள், சிலிக்கான் அச்சுகள், இரு முனையிலும் உருண்டை பொருத்திய குச்சிகள் என்று பெட்டி பெட்டியாக விற்கின்றன. பெரும்பாலான தகடுகளும் அச்சுகளும் ஒரே வடிவத்தை மட்டும் தரக்கூடியவை என்பதால், ஆர்டருக்கு ஓர் அச்சு என்று வாங்கத் தொடங்கினால், வீட்டிலிருந்து கேக் செய்து விற்பவரின் லாபம் அந்தப் பெட்டிகளிலேயே கரைந்துபோகும். தேனி மாவட்டத்தின் எல்லையில், குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில், பெரியாறு நீர்மின் நிலையத்தை ஒட்டி அமைந்த லோயர் கேம்ப் போன்ற சிற்றூரில் இத்தகைய பொருள்களுக்கென்று தனிக்கடையை எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால், திண்டுக்கல்லிலிருந்து தேனி வழியாகக் கேரளத்துக்குச் செல்லும் அதே நெடுஞ்சாலையில் கீழே கூடலூரும் கம்பமும், மேலே குமுளியும் பேருந்தில் சிறிது நேரத்தில் எட்டும் தொலைவில் உள்ளன. பாத்திரக்கடை, தையல் சாமான் கடை, பலசரக்குக் கடை, நறுமணப்பொருள் கடை ஆகிய நான்குக்குள் ஃபாண்டன்ட் வேலைக்கு வேண்டிய கருவிகளில் பெரும்பாலானவற்றைத் தேடிக்கொள்ளலாம். விலைமலிந்த மாற்றுக் கருவியைக் கண்டுபிடிப்பது எளிது. உணவின் மேல் எதை வைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வதே இத்துறையில் கடினமான பாடம்.

சர்க்கரைப் பசையில் வடிவம் பதிக்கும் கலை புதியதன்று. டிராககாந்த் என்னும் முட்செடிப் பிசினைச் சர்க்கரையோடு பிசைந்து, செதுக்கிய மரப்பலகைகளில் அழுத்தி உருவங்கள் எடுக்கும் முறை 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரண்மனை விருந்துகளிலேயே இருந்தது. இந்தியாவைப் பொறுத்தவரை, 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரி உரிமையாளர் மர்டாக் பிரவுன் என்னும் பிரிட்டிஷ் தோட்ட முதலாளிக்காகச் செய்துகொடுத்ததே முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று வழங்கிவருகிறது. அந்தக் கேக் மரபு குமுளிக்கு அப்பால் கேரளம் முழுவதும் வேரூன்றியது என்றாலும், மாவை அச்சில் அழுத்தி வடிவம் எடுப்பதற்குத் தமிழ்நாட்டு வீடுகள் பேக்கரியின் வருகைக்காகக் காத்திருக்கவில்லை. முறுக்கு, இடியாப்பம், சோமாஸ், அச்சு முறுக்கு என்று பண்டிகைப் பலகாரங்களில் பாதி, ஏதேனும் ஓர் அச்சையோ சக்கரத்தையோ நம்பியவை.

அவற்றுள் முதலிடம் சோமாஸ் வெட்டும் கரண்டிக்கே உரியது. கைப்பிடியின் முனையில் நெளிநெளியான பல்சக்கரம் பொருத்திய இந்தப் பித்தளை அல்லது எவர்சில்வர் கருவி, ஃபாண்டன்ட் பட்டையின் ஓரத்தை அலையலையாக நறுக்கும். அழுத்தத்தைக் குறைத்து, மேற்பரப்பு அறுபடாத அளவுக்கு மட்டும் உருட்டினால் நெளிகோடு விழும். ஒரு திசையில் இணையாகச் சில கோடுகளையும், அவற்றைக் குறுக்கே வெட்டும் கோடுகளையும் அளவுகோல் வைத்து இழுத்து, கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெள்ளிமணி மிட்டாயைப் பதித்துவிட்டால், மெத்தைத் தையல் என்று அழைக்கப்படும் சாய்சதுர வேலைப்பாடு கிடைக்கிறது. கடையில் இதற்கென்று விற்கும் தகட்டைவிடக் கைவேலையில் ஒரு வசதி உண்டு: கேக்கின் உயரத்துக்குத் தக்கபடி கட்டங்களைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியும்.

முறுக்கு உரலின் பயன் இதைவிட விரிவானது. ஓமப்பொடித் தட்டைப் போட்டுப் பிழிந்தால் புல்லும் தலைமுடியும், ஒற்றை நட்சத்திரத் தட்டில் வரிகள் ஓடும் தடித்த இழையும் கிடைக்கின்றன. அந்த இழையை இரு முனையிலும் பிடித்து எதிரெதிர்த் திசையில் முறுக்கினால், கேக்கின் அடிவிளிம்பைச் சுற்றி வைக்கத் தகுந்த கயிறு உருவாகிறது. ரிப்பன் பக்கோடாத் தட்டின் ஒரு விளிம்பில் பல்வெட்டு இருப்பதால், அதிலிருந்து வரும் பட்டையின் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் வரிகளுடனும் அமைகிறது. இருப்பினும், முறுக்கு மாவைப் போல ஃபாண்டன்ட் எளிதில் இறங்காது. உள்ளங்கைச் சூட்டில் நன்றாகப் பிசைந்து, சிறிது வனஸ்பதி தடவி இளக்கிய பிறகே உரலில் இட வேண்டும், இல்லையேல் கைப்பிடி உடைவதுதான் மிச்சம். வனஸ்பதிக்குப் பதில் தேங்காய் எண்ணெயைப் பரிந்துரைப்போர் உண்டு. அது சுமார் 24 பாகை செல்சியசுக்கு மேல் உருகிவிடுவதால் கம்பம் பள்ளத்தாக்கின் பகல் வெயிலில் ஃபாண்டன்டை ஒட்டவைக்குமே தவிர இளக்காது.

பருப்பு மத்தின் அடிப்பகுதியைத் திருப்பிப் பார்ப்பவர்களுக்கு அது இதழ்கள் விரிந்த பூ என்பது உடனே தெரியும். புதிய மத்தைச் சோளமாவில் தொட்டு நேராக அழுத்தி எடுத்தால் பூவின் தடம் அச்சாக விழுகிறது. டீ வடிகட்டியின் கம்பிவலையைப் பதித்தால் சாக்குத்துணி நெசவும், அதே வலையினூடே ஃபாண்டன்டைக் கட்டைவிரலால் தள்ளினால் பாசியும் ஆட்டுக்கம்பளியும் கிடைக்கும். குழிப்பணியாரக் கல்லுக்குப் பதிவு வேலை எதுவும் இல்லை என்றாலும், வரி போட்டு முடித்த பூவிதழ்கள் தட்டையாகிவிடாமல் வளைவோடு உலர்வதற்கு அதன் குழிகளைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. இந்த வேலைக்குப் பலர் எடுத்தாளும் முட்டை அட்டையை முற்றிலும் ஒதுக்க வேண்டும். பச்சை முட்டையின் ஓட்டிலிருந்து சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி அட்டையில் தொற்றியிருக்கக்கூடும், அட்டையைக் கழுவிச் சுத்தம் செய்யவும் இயலாது.

நறுமணப்பொருள் கடைக்கு வந்தால், அங்குள்ள மிகச் சிறிய கருவி கிராம்பு. விரியாத மொட்டின் உருண்டையும் அதைச் சூழ்ந்த நான்கு புல்லிவிளிம்புகளும் சிதையாத ஒரு கிராம்பைத் தேர்ந்து, காம்பைப் பிடித்துத் தலைகீழாக ஃபாண்டன்டில் அழுத்தினால், நடுவில் ஒரு குழியும் சுற்றிலும் நான்கு கூர்களும் கொண்ட நுண்ணிய பூ பதிகிறது. உருண்டை உதிர்ந்த கிராம்போ வெறும் நான்முனை நட்சத்திரத்தைத் தருகிறது. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பதித்துக்கொண்டே போனால், சுங்குடிச் சேலையின் புள்ளிகளை நினைவூட்டும் பரப்பு கிடைக்கும். அன்னாசிப்பூ எட்டு இதழ் நட்சத்திரத்தையும், படுக்கவைத்து உருட்டிய ஏலக்காய் நெருங்கிய நீள வரிகளையும் விட்டுச்செல்கின்றன. கிராம்பின் எண்ணெய் சர்க்கரையில் மெல்லிய மணத்தை ஏற்றும் என்பதால், வெனிலா மட்டுமே விரும்புவோரின் கேக்கில் இதைத் தவிர்ப்பது நல்லது. ஏலக்காயும் பட்டையும் மணக்கும் பிளம் கேக்குக்கு அது குறையாகத் தோன்றாது.

இலையின் நரம்பைப் பதிப்பதில்தான் எச்சரிக்கை மிகுதியாகத் தேவை. சர்க்கரையில் செய்த இலைக்கு உயிர்த்தோற்றம் தருவது நரம்புகளே. அதற்கு உண்மையான இலையின் அடிப்பக்கத்தை அழுத்துவதே பழைய வழி. ஆனால், இப்பள்ளத்தாக்கில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது திராட்சைக் கொடி. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் இலை, ஆழமான நரம்புகளும் அழகிய மடல்களும் கொண்டு, இவ்வேலைக்கென்றே படைத்தது போல இருந்தாலும், தோட்டத்துத் திராட்சை இலையின் மேல் பூச்சிக்கொல்லியும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையும் படிந்திருக்க வாய்ப்புண்டு. நீரில் அலசுவதால் அவை முழுவதும் போய்விடும் என்று நம்ப முடியாது. மலைமேல் ஏலத்தோட்டத்து இலைக்கும் இதே விதி. சாலையோரத்தில் பூத்துக் கிடக்கும் அரளியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு என்பதால் அது கேக் செய்யும் மேசைக்கே வரக் கூடாது. வீட்டில் மருந்தடிக்காமல் வளர்த்த வெற்றிலையும் கறிவேப்பிலையும் போதுமானவை; நடு நரம்பிலிருந்து வளைந்து நுனியை நோக்கி ஓடும் வெற்றிலையின் நரம்புகள் திராட்சை இலைக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. எதுவும் கிடைக்காதபோது, கழுவிக் காயவைத்த தென்னை ஈர்க்குச்சி ஒன்றே போதும். நடுக்கோட்டை அதன் தடித்த பகுதியாலும் கிளைக்கோடுகளை நுனியாலும் கீறிவிட்டால், வாங்கிய அச்சில் எல்லா இலைகளும் ஒரே இலையாகத் தோன்றும் குறை இதில் நேர்வதில்லை.

தையல் சாமான் கடையின் பங்கு சிறியது. துணியில் தையல் தடம் குறிப்பதற்கான பல்சக்கரம், புதிதாக வாங்கிக் கேக்குக்கென்றே ஒதுக்கப்பட்டால், பொம்மையின் சட்டையிலும் கைப்பையின் விளிம்பிலும் நூல் ஓடிய தடத்தைக் கச்சிதமாகப் பதிக்கும். கேக் கடைகளில் தையல் கருவி என்று விற்கப்படுவதும் ஏறக்குறைய இதே சக்கரம்தான். லேஸ், ஜரிகைக் கரை, பொத்தான் ஆகியவற்றையும் பதிக்கலாம் என்றாலும், சாயமும் உலோக இழையும் கொண்ட இப்பொருள்கள் சர்க்கரையை நேரடியாகத் தொடக் கூடாது. உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இடையில் விரித்து அழுத்தினால் வடிவத்தின் கூர்மை சற்று மழுங்கும். ஜரிகைக் கரையின் மாங்காயும் அன்னமும் அந்த மழுக்கத்தையும் தாண்டித் தெரியக்கூடியவை. செய்தித்தாளைக் கசக்கிப் பதிப்பது மட்டும் எக்காரணத்தாலும் ஏற்கத்தக்கதன்று. அச்சு மையிலுள்ள வேதிப்பொருள்களைக் கருதி, உணவைச் செய்தித்தாளில் பொதிவதையே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தடைசெய்துள்ளது.

பல கருவிகள் ஒரே பரப்பில் சேர்ந்து இயங்குவதைக் காட்ட, லோயர் கேம்ப்பின் வரலாற்றோடு பிணைந்த ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை, கல்லும் சுண்ணாம்பும் செங்கற்பொடியான சுர்க்கியும் கொண்டு எழுப்பப்பட்டது. அதைக் கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபம் 2013 ஜனவரி 15 அன்று, அவருடைய பிறந்தநாளில், லோயர் கேம்ப்பில் திறக்கப்பட்டது. பொங்கலோடு சேர்ந்து வரும் அந்த நாளுக்காக அணையின் கற்சுவரை ஒரு கேக்கின் பக்கவாட்டில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அலுமினியத் தாளை நன்றாகக் கசக்கி உருண்டையாக்கி, அதைத் திருப்பித் திருப்பிச் சாம்பல் நிற ஃபாண்டன்டின் மேல் ஒற்றியெடுப்பது முதல் வேலை. ஒரே முகத்தால் தொடர்ந்து ஒற்றினால் ஒரே தடம் திரும்பத் திரும்ப விழுந்து, கல் என்ற மயக்கம் கலைந்துவிடும். அடுத்து, வெண்ணெய்க் கத்தியின் முதுகால் கல்லின் இணைப்புகளைச் சீரற்ற அளவில் கீற வேண்டும்; படுக்கைக் கோடுகள் ஓரளவு தொடரலாம், ஆனால் நெடுக்குக் கோடு ஒவ்வொரு வரிசையிலும் இடம் மாறியே நிற்க வேண்டும். பிறகு, மென்மையான புதிய பல்துலக்கியால் சில கற்களை மட்டும் தட்டிச் சொரசொரப்பைக் கூட்டி, உலர்ந்த தூரிகையில் கோகோ பொடியைத் தொட்டுக் கோடுகளுக்குள் செலுத்தி, மேலே படிந்த பொடியைத் துடைத்துவிட்டால், பள்ளங்கள் கறுத்து மேடுகள் வெளுத்துக் கற்சுவர் எழுந்து நிற்கும். பொடி இல்லாமல் வெறும் பதிவாக விடப்பட்ட வேலைப்பாடு மண்டப விளக்கின் வெளிச்சத்தில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. ஆகவே, பதிப்பதற்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கையாவது நிறம் ஏற்றுவதற்கு ஒதுக்குவது தகும்.

கருவி எதுவாயினும் காலம் தவறினால் பயனில்லை. விரித்த ஃபாண்டன்டின் மேற்பரப்பிலிருந்து ஈரம் வெளியேற வெளியேற அங்கே ஒரு மெல்லிய தோல் உண்டாகிறது. அதற்குப் பிறகு அழுத்தினால் பள்ளத்துக்குப் பதில் நுண்ணிய வெடிப்புகளே விழும், அந்த வெடிப்புக்கு யானைத்தோல் என்று பெயர். மின்விசிறிக்கு அடியில் இத்தோல் சில நிமிடங்களிலேயே உண்டாகிவிடும் என்பதால், கருவிகளை எல்லாம் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு, விசிறியை நிறுத்திவிட்டு, போர்த்திய கையோடு பதிக்கத் தொடங்க வேண்டும். மேசையிலேயே பதித்துவிட்டுப் பிறகு போர்த்தலாமே என்று தோன்றக்கூடும். வட்டக் கேக்கின் விளிம்பில் ஃபாண்டன்ட் இழுபடும்போது கட்டங்கள் கோணி, வரிகள் நெளிந்து, அதுவரை செய்த வேலை அத்தனையும் வீணாகும். பக்கவாட்டுக்குத் தனிப் பட்டையாக நறுக்கிச் சுற்றும் முறைக்கு மட்டுமே மேசைப் பதிவு ஒத்துவரும்.

ஒரே வடிவம் பலமுறை வேண்டும்போது அச்சையே வீட்டில் செய்துகொள்ளலாம். ஃபாண்டன்டில் சிறிது சிஎம்சி தூளைச் சேர்த்துப் பிசைந்தால், அது பன்மடங்கு கெட்டியாக உலரும். கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ் என்பதன் சுருக்கமான இப்பொருள் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட கெட்டியாக்கி. இந்தக் கலவையை உருண்டையாக்கி, சோளமாவு தடவிய ஒரு புடைப்புச் சித்திரத்தின் மேல் அழுத்தி எடுத்துச் சில நாட்கள் உலரவிட்டால், முழுக்க முழுக்க உண்ணத்தகுந்த பொருளால் ஆன அச்சு தயாராகிவிடும். அச்செடுக்கும் அந்த மூலச் சித்திரம் கழுவித் துடைக்கக்கூடிய எவர்சில்வராகவோ கண்ணாடியாகவோ இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஹார்டுவேர் கடையில் குழாயில் விற்கும் சிலிக்கான் பசையைச் சோளமாவோடு பிசைந்து அச்சு செய்யும் முறை பரவலாகச் சொல்லப்பட்டாலும், அது சன்னல் இடுக்குகளை அடைப்பதற்கானது. அத்தகைய பசைகளில் பல பூஞ்சைக்கொல்லி கலந்தவை. உணவுத் தரச் சான்றுள்ள சிலிக்கானின் விலையோடு ஒப்பிட்டு இதை மலிவு என்று கருதுவது கணக்கே ஆகாது.

பளபளப்புத் தூளின் கதையும் இத்தகையதே. நஞ்சற்றது என்று புட்டியில் எழுதியிருப்பதற்கும் உண்ணத்தக்கது என்பதற்கும் வேறுபாடு உண்டு. 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட குழந்தைகள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டதற்கு, கேக்கின் மேல் பூசப்பட்டிருந்த பளபளப்புத் தூளிலிருந்த செம்பே காரணம் என்று தெரியவந்தது. கைவினைப் பொருள் கடையின் தூள் வாழ்த்து அட்டையோடு நிற்கட்டும். கேக்கில் பூசப்படும் தூளின் உறையில் உட்பொருள் பட்டியலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்ணும் இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் செய்து விற்பவரும் அந்த ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டியவரே.

கம்பம் பள்ளத்தாக்கின் தெற்கு முனையில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளி வழியாகச் சாரலோடு இறங்கும் மாதங்களில், காற்றின் ஈரத்தைச் சர்க்கரையும் கிளிசரினும் உறிஞ்சிக்கொள்ள, ஃபாண்டன்ட் வியர்த்துப் பிசுபிசுக்கும். கூர்மையான நுண்பதிவுகள் முதலில் மழுங்குவதும் அப்போதுதான். கிராம்புத் தடத்தையும் வலைத் தடத்தையும் அம்மாதங்களில் விலக்கி, மத்து, சோமாஸ் சக்கரம், கத்தி முதுகு ஆகியவற்றின் ஆழமான பதிவுகளை நம்புவது புத்திசாலித்தனம். அடியில் பூசும் பூச்சும் விப்பிங் கிரீமாக இருந்தால் அதன் ஈரமே போர்வையைக் கரைத்துவிடும் என்பதால், கறுப்புச் சாக்லேட் இரண்டு பங்குக்குக் கிரீம் ஒரு பங்கு என்ற அளவில் உருக்கிச் சேர்த்த கனாஷைப் பூச வேண்டும். வெள்ளைச் சாக்லேட்டாயின் மூன்று பங்கு வேண்டியிருக்கும். முடிந்த கேக்கைக் குளிர்பெட்டியில் வைக்க நேர்ந்தால், அட்டைப்பெட்டியில் இட்டு மூடியே வைத்து, வெளியே எடுத்த பிறகும் அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை பெட்டியைத் திறக்காமல் இருப்பது நல்லது. நீர்த்துளிகள் அப்போது அட்டையின் மேல் படியும்; கேக்கின் பதிவுகள் தப்பிவிடும்.